கைக்குழந்தையின் மூக்கடைப்பு: வீட்டில் செய்வதும் தவிர்ப்பதும்

மூக்கு ஏன் அடைக்கிறது

பிறந்த குழந்தை பெரும்பாலும் மூக்கினாலேயே மூச்செடுக்கிறது. மூக்கு அடைத்தவுடன் வாயைத் திறந்து சுவாசிக்கும் பழக்கம் 4 முதல் 6 மாதங்களுக்குள் படிப்படியாகத்தான் கைகூடும். இந்த அமைப்பில் ஒரு நன்மை உண்டு. வாய் தாயின் மார்பைப் பற்றியிருக்கும்போது மூக்கு மூச்சைப் பார்த்துக்கொள்கிறது. பிள்ளை நிறுத்தாமல் பால் குடிக்கிறது. மூக்கு அடைத்துவிட்டாலோ மூச்சா, பாலா என்ற இழுபறி தொடங்கிவிடும். பிள்ளை இரண்டு வாய் உறிஞ்சும், விடும், அழும், மறுபடியும் பற்றும். பெரியவருக்கு வெறும் தொல்லையாகிப் போகும் மூக்கடைப்பு கைக்குழந்தையின் பசியையும் நித்திரையையும் தொடுவது இதனால்தான்.

அடைப்பு ஏற்பட அதிகச் சளி வேண்டியதில்லை. பச்சிளங் குழந்தையின் மூக்குத் துவாரம் சில மில்லிமீற்றர் அகலமே உடையது. குழாய் ஒன்றின் ஆரை பாதியாகக் குறைந்தால், சீராக ஓடும் காற்றுக்கு அதனுள் ஏற்படும் தடை 16 மடங்காகும் என்பது பௌதிகவியல் கூறும் விதி. ஆகவே உட்சவ்வு சிறிதளவு வீங்கினாலும், ஒரு துளி சளி காய்ந்து ஒட்டினாலும் பிள்ளையின் மூச்சு கொரகொரக்கும். முதுகில் கை வைத்தால் அதிர்வு தெரியும். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்ற பயம் வரும். பெரும்பாலும் அது மூக்கிலும் தொண்டையிலும் எழுந்து நெஞ்சு வரை கேட்கும் ஒலிதான். சத்தம் எவ்வளவு பெரிது என்பதைக் கொண்டு நோயை அளக்க முடியாது. பிள்ளை எப்படிப் பால் குடிக்கிறது, எப்படி மூச்செடுக்கிறது என்ற இரண்டையும் கொண்டே அளக்க வேண்டும். வீட்டுப் பராமரிப்பு முழுவதும் இந்த இரண்டையும் காப்பதற்கானது.

காரணங்கள் வயதுக்கேற்ப மாறும். முதல் சில வாரங்களில் தொற்று எதுவும் இல்லாமலே மூக்கு கொரகொரப்பதும் அடிக்கடி தும்முவதும் சாதாரணம். தும்மல் என்பது பிள்ளை தன் மூக்கைத் தானே துப்புரவாக்கும் வழி. காய்ச்சல் இல்லாமல், பால் நன்றாகக் குடித்து, நிறையும் கூடிவந்தால் அதற்கு மருந்து தேவையில்லை. பின்வரும் மாதங்களில் தடிமன் முதன்மைக் காரணமாகிறது. தடிமனை உண்டாக்கும் வைரஸ்கள் பல வகை. ரைனோவைரஸ் அவற்றுள் மிகச் சாதாரணமானது. ஒரு வயதுக்குள் பிள்ளைக்கு 6 முதல் 8 தடவை தடிமன் பிடிப்பது நோயெதிர்ப்புக் குறைவின் அடையாளமல்ல.

இலங்கையின் கிழக்குக் கரையோர ஊரான நிந்தவூரின் இருப்பிடமும் இதில் பங்கு கொள்கிறது. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. மாரிகாலத்தில் வாடைக்காற்றும் மழையும் வீட்டாரை ஒரே அறைக்குள் அடைத்துவிடுகின்றன. கதவும் யன்னலும் மூடியிருக்க, ஒருவரின் தடிமன் எல்லோருக்கும் தொற்றுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காற்று காய்ந்து, மூக்கிலுள்ள சளியும் காய்ந்து பொருக்காகிறது. பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் அறுவடைக் காலத்துத் தூசியும், வைக்கோல் எரிக்கும் புகையும் குடிமனை வரை வருகின்றன.

பிள்ளை பெற்ற தாய் பழம் தின்றதாலோ, தலை முழுகியதாலோ பிள்ளைக்குத் தடிமன் பிடித்தது என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு. தடிமன் வைரஸினால் வருவது. தாய் தின்ற பழத்தினால் வருவதில்லை. பத்தியம் என்ற பெயரில் பழத்தையும் காய்கறியையும் விலக்குவது பால் கொடுக்கும் தாயின் உடலையே பலவீனப்படுத்துகிறது. பிள்ளைக்குத் தடிமன் பிடித்த நாட்களில் தாய் வழமைபோல நன்றாகச் சாப்பிட வேண்டும்.

தடிமன் 2ஆம், 3ஆம் நாளில் உச்சத்தை எட்டி 7 முதல் 10 நாட்களில் அடங்கும். இருமல் மட்டும் 2, 3 வாரம் நீடிக்கலாம். தண்ணீர்போல வழிந்த சளி மூன்றாம் நாள் தடித்து, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது இயல்பான போக்கு. நிறத்தை மட்டும் பார்த்து அன்ரிபயோடிக் கொடுப்பதில் பயனில்லை. அம்மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது.

உப்புநீர்த் துளி

கைக்குழந்தையின் மூக்கடைப்புக்கு வீட்டில் செய்யக்கூடிய மிகப் பாதுகாப்பான சிகிச்சை உப்புநீர்த் துளி. அது சளியை இளக்கும், காய்ந்த பொருக்கை நனைத்துக் கழற்றும், தும்மலைத் தூண்டிச் சளியை வெளியே தள்ளும். பாமசிகளில் மூக்குக்கென்றே விற்கப்படும் நோர்மல் சேலைன் துளிகள் 0.9 சதவீத உப்புச் செறிவு கொண்டவை, அதாவது 1 லீற்றர் நீரில் 9 கிராம் உப்பு. உடலின் திரவங்களுக்கு ஒத்த செறிவு என்பதால் மூக்கு எரியாது. வாங்கும்போது போத்தலின் உறையை வாசித்து, உப்பும் நீரும் தவிர வேறு மருந்து சேரவில்லை என்பதை உறுதிப்படுத்த வேண்டும்.

இத்துளிக்கு ஆய்வின் ஆதரவும் உண்டு. ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6 வயதுக்குட்பட்ட 407 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2024இல் வெளியாயின. உப்புநீர்த் துளி விடப்பட்ட பிள்ளைகளுக்குத் தடிமன் சராசரியாக 6 நாட்களும், வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு 8 நாட்களும் நீடித்தது. அந்த ஆய்வில் பயன்பட்டது வழமையைவிடச் செறிவு கூடிய உப்புநீர். பெற்றோருக்கு அதைத் தயாரிக்கும் முறை கற்பிக்கப்பட்டிருந்தது. வீட்டில் தாமாக உப்பைக் கூட்டிப் பார்ப்பதற்கு இதை நியாயமாகக் கொள்ளக்கூடாது.

பாமசிக்குப் போக முடியாத இரவில் வீட்டிலேயே தயாரிக்கலாம். மூடிய பாத்திரத்தில் தண்ணீரை நன்கு கொதிக்க வைத்து, மூடியபடியே ஆறவிட வேண்டும். 200 மில்லிலீற்றர் ஆறிய நீருக்குத் தட்டையாக வழித்த கால் தேக்கரண்டி தூய தூளுப்பு போதும். இது நோர்மல் சேலைனைவிடச் சற்றுக் குறைந்த செறிவு; உப்பு கூடுவதைவிடக் குறைவது நல்லது. கல்லுப்பில் மண்ணும் தூசியும் இருக்கும், அது உகந்ததல்ல. கரைசலைக் கொதிநீரில் கழுவிய போத்தலில் மூடி வைத்து, 24 மணித்தியாலத்துக்குள் மீந்ததை ஊற்றிவிட வேண்டும். இந்த நீரைப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கக்கூடாது.

கொதிக்க வைப்பது கட்டாயம். நெக்லேரியா பௌலேரி என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழக்கூடியது. குடித்தால் தீங்கில்லை, மூக்கின் வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும். கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் இத்தகைய அமீபா மூளைத் தொற்றுகள் பதிவானதால் அங்கு கிணறுகளுக்குக் குளோரின் இடும் பணி நடந்தது. கராச்சியில் 2008 முதல் பதிவான மரணங்கள் சிலவற்றில், தொழுகைக்கு முன் வுழூ செய்யும்போது மூக்கினுள் ஏறிய குழாய்நீரே காரணமாகக் கருதப்பட்டது. இந்நோய் மிக அரிது. ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிரை எடுக்கும். கிணற்று நீரும் குழாய் நீரும் புழங்கும் ஊரில், கொதிக்காத எந்த நீரும் பிள்ளையின் மூக்கினுள் போகக்கூடாது என்ற விதி உறுதியாக நிற்க வேண்டும்.

துளி விடும் முறை எளிது. முதலில் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். போத்தலைச் சிறிது நேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்தால் குளிர் போகும். பிள்ளையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, ஒவ்வொரு துவாரத்திலும் 2 துளி விட வேண்டும். போத்தலின் நுனி மூக்கைத் தொடக்கூடாது. தொட்டால் கிருமி போத்தலுக்குள் போய்விடும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பொறுத்தால் பிள்ளை தும்மும், அல்லது சளி வாசலுக்கு வரும். அதை மென்மையான துணியால் ஒற்றி எடுத்தால் பல வேளைகளில் அதுவே போதுமானது. பால் கொடுப்பதற்கு 10, 15 நிமிடம் முன்பும் நித்திரைக்கு முன்பும் இதைச் செய்வது நல்லது. பால் குடித்தவுடன் செய்தால் பிள்ளை வாந்தியெடுக்கக்கூடும். ஒரு போத்தலை ஒரு பிள்ளைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

சளியை எடுத்தல்

துளி விட்ட பின்னும் அடைப்பு நீங்காமல் பால் குடிக்க இடைஞ்சலாக இருந்தால் மட்டுமே சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்கென்று றப்பர் குமிழ் பாமசிகளில் கிடைக்கிறது. குமிழை முதலில் வெளியே வைத்து அமுக்கி, அமுக்கியபடியே நுனியைத் துவாரத்தின் வாசலில் மெதுவாகப் பொருத்தி, பிறகு பிடியைத் தளர்த்த வேண்டும். மூக்கினுள் வைத்துக்கொண்டு அமுக்கினால் காற்று சளியை உள்ளே தள்ளிவிடும். நுனி ஆழமாகப் போகவும் கூடாது, மூக்கின் நடுத்தண்டில் உரசவும் கூடாது. எடுத்த சளியைத் துணியில் பீச்சிவிட்டு, குமிழினுள்ளும் சவர்க்கார நீர் ஏற்றிக் கழுவி, நீர் முழுவதும் வடியும்படி உலரவிட வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும்.

ஒரு நாளில் 3, 4 தடவைக்கு மேல் உறிஞ்சினால் உட்சவ்வு புண்பட்டு வீங்கும். அடைப்பு முன்னையைவிடக் கூடும். இரத்தம் கசிந்தால் குமிழை நிறுத்திவிட்டு உப்புநீர்த் துளியோடு நிற்க வேண்டும். குமிழ் இல்லாத வீட்டில், பழகி மென்மையான சுத்தமான பருத்தித் துணியின் முனையைத் திரியாகத் திரித்து, உப்புநீரில் நனைத்து, வாசலில் தெரியும் சளியை அதில் ஒட்டவைத்து எடுக்கலாம். பஞ்சு சுற்றிய குச்சியை மூக்கினுள் விடக்கூடாது. பெரியவர் வாயால் நேரடியாக உறிஞ்சுவதும் கூடாது. அவரது வாய்க் கிருமி பிள்ளைக்கும், பிள்ளையின் கிருமி அவருக்கும் போய்ச் சேரும்.

பால், நித்திரை, அறை

தடிமன் பிடித்த பிள்ளைக்குத் தாய்ப்பாலே முதன்மையான உணவும் நீரும். தாய்க்கும் தடிமன் இருந்தாலும் பாலை நிறுத்தக்கூடாது. அந்த நோய்க்கு எதிராக அவள் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் பாலின் வழியே பிள்ளைக்குப் போகின்றன. இருமும்போதும் தும்மும்போதும் வாயை மூடி, பால் கொடுக்கும்போது முகமறை அணிந்து, கைகளை அடிக்கடி கழுவினால் போதும். வழமையாக ஒரே மூச்சில் குடிக்கும் பிள்ளைக்கு இப்போது கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். பிள்ளையைச் சற்று நிமிர்த்திப் பிடித்தால் குடிப்பது சுலபமாகும். மார்பைப் பற்றவே முடியாவிட்டால், பாலைக் கறந்து சிறு கிண்ணத்தாலோ கரண்டியாலோ ஊட்டலாம். 6 மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் கொத்தமல்லி நீரோ, சீனித் தண்ணீரோ தேவையில்லை.

நித்திரைக்குப் பிள்ளையை மல்லாக்க, தட்டையான உறுதியான படுக்கையில் கிடத்த வேண்டும். மூக்கு அடைத்திருக்கிறதே என்று தலைக்குத் தலையணை வைப்பதும், குப்புறப் படுக்கப் போடுவதும் ஆபத்து. 1991இல் பிரித்தானியாவிலும் 1994இல் அமெரிக்காவிலும், குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்கும்படி தொடங்கிய பிரசாரங்களுக்குப் பின் நித்திரையில் காரணம் தெரியாமல் நேரும் தொட்டில் மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. துணியில் கட்டிய ஏணையில் பிள்ளையின் உடல் வளைந்து, தாடை நெஞ்சில் படிந்து, மூச்சுப் பாதை குறுகும். மூக்கடைப்புள்ள நாட்களில் ஏணையை விலக்குவது நல்லது. விழித்திருக்கும் வேளையில் பெரியவர் நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்திருந்தால் பிள்ளைக்கு ஆறுதல் கிடைக்கும்.

அறையில் புகை இருக்கக்கூடாது. குளிப்பாட்டிய பின் பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டும் வழக்கம், இரவில் எரியும் நுளம்புச் சுருள், பக்கத்து அறையின் சிகரெட், அடுப்படியின் விறகுப் புகை எல்லாமே மூக்கின் சவ்வை வீங்கவைக்கும். நுளம்புக்கு வலையே போதும். மின்விசிறிக் காற்று முகத்தில் நேரடியாகப் படக்கூடாது. நிந்தவூரின் கடலோரக் காற்றில் ஆண்டின் பெரும்பகுதியும் ஈரப்பதம் நிறைந்திருப்பதால் ஈரப்பதமூட்டும் கருவி வாங்கத் தேவையில்லை. வைக்கோல் புகையும் தூசியும் இல்லாத வேளையில் யன்னலைத் திறந்துவிட்டால் போதும். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி உடனே துவாயால் துடைத்தால் தடிமன் அதிகரிக்காது. நீர் மூக்கினுள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்யக்கூடாதவை

பிள்ளையின் மூக்கினுள் எண்ணெய் விடக்கூடாது. தேங்காய் எண்ணெய், நெய், நல்லெண்ணெய், கருஞ்சீரக எண்ணெய் எதுவானாலும் இதே விதிதான். எண்ணெய் இருமலைத் தூண்டாமல் சத்தமின்றி நுரையீரலுக்குள் இறங்கி அங்கே தங்கிவிடும். அதனால் உண்டாகும் எண்ணெய் நிமோனியா மாதக்கணக்கில் நீடிக்கலாம். குழந்தைகளுக்கு மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தினால் வந்த இந்நோயைத் தென்னிந்திய மருத்துவர்கள் 1970களிலேயே பதிவு செய்துள்ளனர். தாய்ப்பாலை மூக்கில் பீச்சுவதும் வேண்டாம். உப்புநீரைவிட அது மேலானது என்பதற்குச் சான்றில்லை, காய்ந்தால் தானே பொருக்காகி அடைக்கும்.

கற்பூரம், மெந்தோல், யூக்கலிப்டஸ் கலந்த தைலங்கள் கைக்குழந்தைக்கு ஏற்றவையல்ல. விக்ஸ் வேப்பரப்பை 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பூசக்கூடாது என்று அதன் உறையிலேயே எச்சரிக்கை உண்டு. கோடாரித் தைலத்துக்கும் இந்த எச்சரிக்கையையே கைக்கொள்ள வேண்டும். மெந்தோல் மூக்கருகே பட்டால் பச்சிளங் குழந்தையின் குரல்வளை இறுகி மூச்சு நிற்கக்கூடும். கற்பூரம் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் வலிப்பு வரக்கூடும். தலையணையிலோ உள்ளங்காலிலோ பூசினாலும் பிள்ளையின் கையும் வாயும் அங்கே போய்ச் சேரும். கொதிநீர்ச் சட்டியின் மேல் பிள்ளையைப் பிடித்து ஆவி காட்டுவதும் கூடாது. ஒரு துள்ளலில் முகமும் நெஞ்சும் வெந்துபோன பிள்ளைகள் பல ஊர் ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை பெற்றுள்ளனர்.

பெரியவர் வீட்டில் வைத்திருக்கும் மூக்கடைப்பு நீக்கும் துளிகள், குறிப்பாக சைலோமெற்றசொலின், ஒக்சிமெற்றசொலின் கலந்தவை, கைக்குழந்தையின் இதயத் துடிப்பையும் மூச்சையும் குறைத்து மயக்கத்தில் ஆழ்த்தலாம். வைத்தியர் எழுதிக் கொடுக்காமல் அவற்றைத் தொடக்கூடாது.

தடிமன் சிரப்புகளும் இதில் அடங்கும். 2 வயதுக்குட்பட்டோருக்கு அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008இல் அறிவித்தது. பிரித்தானியா 2009இல் 6 வயது வரை அத்தடையை விரித்தது. குளோர்பெனிரமினும் (பிரிட்டோன் என்று அறியப்படுவது) பினைலெப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கக்கூடாது என உறையில் அச்சிடும்படி இந்தியா 2023 டிசம்பரில் ஆணையிட்டது. நச்சுக் கலப்பு வேறோர் ஆபத்து. 2022இல் காம்பியாவிலும், 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவிலும் டைஎத்திலீன் கிளைக்கோல் கலந்த இருமல் சிரப்பைக் குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர்.

ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேன் கொடுக்கக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளர்த்தும் நச்சை உண்டாக்கும். பிறந்த குழந்தையின் வாயில் இனிப்புத் தடவும் தஹ்னீக் செய்யும் வீடுகளில் சுன்னத்தான பேரீச்சம்பழத்தோடு நின்று, தேனைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

உதவி தேட வேண்டிய வேளை

மூக்கைத் துப்புரவாக்கிய பின்னும் பிள்ளை சிரமப்பட்டால் கோளாறு மூக்கைத் தாண்டிவிட்டது என்று பொருள். தடிமன்போலத் தொடங்கும் ஆர்.எஸ்.வி. வைரஸ் தொற்று 3ஆம் நாள் முதல் 5ஆம் நாள் வரை சிறு மூச்சுக்குழல்களைத் தாக்கி மூச்சுமுட்டலை உண்டாக்கும். இது பெரும்பாலும் ஒரு வயதுக்குட்பட்டோரையே தாக்குகிறது.

பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, 2 மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60ஓ அதற்கு மேலோ, 2 மாதம் முதல் 12 மாதம் வரை 50ஓ அதற்கு மேலோ இருந்தால் அது வேக மூச்சு. மூச்செடுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உட்குழிவது, மூக்கின் மடல் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது ஆகியவையும் ஆபத்துக் குறிகள். வழமையில் பாதியும் குடிக்காத பிள்ளை, பம்பர்ஸ் நனையும் தடவை வெகுவாகக் குறைந்த பிள்ளை, எழுப்பியும் எழும்பாத பிள்ளை ஆகியோரை உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும். 3 மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தால், வேறு குறி எதுவும் இல்லாவிட்டாலும், வீட்டில் பெனடோல் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உதடும் நாக்கும் நீலமாவதும், மூச்சு 20 செக்கன் நின்றுபோவதும் ஒரு நிமிடமும் தாமதிக்க முடியாத நிலைகள்.

அவசரமில்லாத ஆனால் வைத்தியர் பார்க்க வேண்டிய நிலைகளும் சில உண்டு. பிறந்ததிலிருந்து ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்தே இருந்தால், பின்துவாரம் பிறவியிலேயே மூடியிருக்கலாம். தவழும் வயதுப் பிள்ளையின் ஒரு துவாரத்தில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால், மணியோ விதையோ உள்ளே சிக்கியிருக்கலாம். அதை வீட்டில் கிண்டக்கூடாது. பொத்தான் பற்றரி போயிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் அது அவசர நிலை. சில மணித்தியாலத்தில் அது திசுவை அரித்துவிடும். 10 நாட்களுக்குப் பின்னும் தடிமன் குறையாவிட்டாலும், குறைந்த பின் மறுபடி காய்ச்சல் வந்தாலும் காட்ட வேண்டும்.

நிந்தவூரில் இந்த உதவி கைக்கெட்டும் தூரத்திலேயே உண்டு. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடமும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கிலும் துளி விடும் முறையையும் மூச்செண்ணும் முறையையும் கேட்டுப் பழகிக்கொள்ளலாம். நிந்தவூர் வைத்தியசாலையிலும் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் சிகிச்சை இலவசம். இரவோ பகலோ, மூச்சுத் திணறும் பிள்ளைக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். போகும்போது பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும், வீட்டில் கொடுத்த மருந்துப் போத்தல்களையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.